மல் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி: அது கலைந்துபோகவில்லை

‘மல் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி என்ற இசைக்குழு 2004ஆம் ஆண்டு ஆல்பத்தோடு கலைந்துவிட்டது, பிறகு வந்த காலின் மெக்கின்டையர் வேறு ஆள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆள்தாங்க. ஸ்காட்லாந்தின் மல் தீவில் வளர்ந்த காலின் மெக்கின்டையர், ஊரிலிருந்த வரலாற்றுச் சங்கத்தின் பெயரையே தன் இசைக்கு வைத்துக்கொண்டார். சங்கம் என்று பெயர் இருந்தால் யாருக்குமே குழு என்றுதான் தோன்றும், அதில் தப்பில்லை. 2001இல் வந்த ‘லாஸ்’ முதல் மூன்று ஆல்பங்கள் அந்தப் பெயரில் வந்தன. அப்புறம் 2008, 2009 ஆல்பங்களைச் சொந்தப் பெயரில் போட்டார். 2009ஆம் ஆண்டு ஆல்பத்தின் தலைப்பே ‘ஐலண்ட்’. தீவு அவரை விடவில்லை பாருங்கள். 2012இல் ‘சிட்டி அவேக்கனிங்ஸ்’ ஆல்பத்தோடு பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்.

சந்தேகம் இருந்தால், பாட்டுக் கேட்கும் செயலியில் 2001ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றையும் 2008ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றையும் எடுத்து, ஓரத்திலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி ‘கிரெடிட்ஸ்’ பாருங்கள். சிடி கையில் இருந்தால் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாள் போதும். எழுதியவர் என்ற இடத்தில் இரண்டிலும் ஒரே பெயர்தான் இருக்கும்.