அடி வாங்கியவன் எங்கே போனான்?

சண்டைப் படம் பார்த்துவிட்டு வந்து, 'அப்படியே காமிக்ஸ் மாதிரி இருந்தது' என்று என்னிடம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒருத்தன் ஐம்பது பேரைப் பந்தாடுகிறான், கார்கள் பறக்கின்றன, கட்டடம் சரிகிறது, எவனுக்கும் எதுவும் வலிக்கவில்லை. அதற்குக் காமிக்ஸ் என்று பெயராம்! காமிக்ஸ் வரைவதுதான் என் தொழில். வலிக்காத அடியை நான் வரைந்தால் அது தாளில் செத்துக் கிடக்கும். வாசகன் ஒரு நொடியில் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்விடுவான்.

ஒரு குத்தை வரைய என்னென்ன வேண்டும் தெரியுமா? பின்னங்கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். குதிகால் லேசாகத் தூக்கி, இடுப்பு திரும்பி, அதற்குப் பிறகுதான் தோள் வர வேண்டும். கை கடைசியில் வருவது. இது அடிக்கிறவன். இவனை வரைவது சுலபம், ஏனென்றால் இவனுக்கு என்ன செய்கிறோம் என்று தெரியும். வாங்குகிறவன்தான் கஷ்டம். தாடை ஒரு பக்கம் போகும்போது உடம்பு இன்னும் பழைய இடத்திலேயே நிற்கும். கழுத்து நரம்பு புடைக்கும். கண் தானாக இறுக மூடும். கை எதையாவது பிடித்துக்கொள்ளக் காற்றில் துழாவும். அந்த விரல்களை எப்படி விரிப்பது என்பதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடும். பென்சிலில் ஒரு முறை, மையில் ஒரு முறை, அவன் வலியை இரண்டு முறை வரைகிறேன். கதையில் அவன் பெயரில்லாத அடியாளாக இருக்கலாம். ஆனாலும் அவனுக்கு ஒரு மூக்கு வேண்டும், ஒரு சட்டை வேண்டும், ஒரு வயசு வேண்டும். வரைந்து முடிக்கும்போது அவன் எனக்குத் தெரிந்தவனாகிவிடுகிறான்.

இப்போது நீங்கள் கொண்டாடுகிற சண்டைக் காட்சிக்கு வாருங்கள். வரைவதற்கு மாதிரி தேடி நான் இவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன், பிரேம் பிரேமாக. நொடிக்கு 24 பிரேம். முதல் ஷாட்டில் முஷ்டி கிளம்புகிறது. அடுத்த ஷாட்டில் ஒரு தலை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. நடுவில் அடி விழுந்த பிரேம் என்று ஒன்று கிடையாது. கிடையாது என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நிஜமாக அடிக்கவா முடியும்? முஷ்டி முகத்துக்கு அரை அடி தள்ளிப் போகும், கேமரா கோணம் அந்த இடைவெளியை மறைக்கும், சத்தத்தை ஒலிக்கூடத்தில் சேர்ப்பார்கள். எலும்பு முறியும் சத்தத்துக்கு செலரித் தண்டை ஒடிப்பது அங்கே பழைய வழக்கம். இதெல்லாம் கலை, மதிக்கிறேன். என் கோபம் அதற்கு அடுத்த பிரேமில். அந்தத் தலை திரும்பியதும் கட். அடுத்தவன் வந்துவிட்டான். விழுந்தவன் எங்கே? தரையில் அவன் என்ன ஆனான்? எழுந்தானா, பல்லைத் தேடுகிறானா, மூச்சு இருக்கிறதா? யாருக்கும் தெரியாது, யாருக்கும் கவலையும் இல்லை. ஹீரோ சட்டைக் காலரைச் சரி செய்துகொள்வதற்கு மட்டும் ஸ்லோமோஷனில் ஐந்து நொடி!

உடம்பைப் பற்றி இவர்கள் சொல்லும் பொய்கள் வேறு. மனிதக் கையில் 27 எலும்பு. வெறும் கையால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முறிவது அவ்வளவு சகஜம், மருத்துவத்தில் அதற்குக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர். நம் ஹீரோவோ இருபது மண்டையை உடைத்துவிட்டு அதே கையால் காதலியின் கன்னத்தைத் தடவுகிறார், விரல் முட்டி கூட வீங்கவில்லை. பின்மண்டையில் அடி வாங்கிய காவல்காரன் ஒரு மணி நேரம் நினைவில்லாமல் கிடந்துவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு எழுகிறான். நிஜத்தில் அது மூளைக் காயம், அவன் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டும். குண்டு பட்டவன் பத்தடி பின்னால் பறக்கிறான். சுட்டவனின் தோளைத் துப்பாக்கி தள்ளுகிற அளவுக்கு மேல் குண்டு எவனையும் தள்ளாது, சாதாரண இயற்பியல். மூடிய அறையில் சுட்டுவிட்டு அடுத்த நொடியே கிசுகிசுவென்று பேசிக்கொள்கிறார்கள். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், காது இரைந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் சரியாகக் கேட்காது.

'படம்தானே, இதையெல்லாம் பார்ப்பார்களா' என்கிறீர்கள். சரி, பறக்கிற காரைக்கூட விட்டுவிடுகிறேன். ஆனால் இந்தப் பொய்கள் எல்லாமே ஒரே பக்கம் சாய்வதைப் பாருங்கள். அத்தனையும் வலியை மறைக்கிற பொய். வன்முறையை அப்படியே வைத்துக்கொண்டு, அது மனிதனை என்ன செய்கிறது என்பதை மட்டும் துடைத்து எடுத்துவிடுகிற பொய். ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் இதை 'மகிழ்ச்சியான வன்முறை' என்றார். சட்டென்று நடக்கும், வலிக்காது, சுபமாக முடியும். அவர் சொன்னது தொலைக்காட்சியைப் பார்த்து. இன்றைக்குத் திரையரங்கு முழுக்க அதுதான்.

ரத்தம் அதிகம் என்று சிலர் புலம்புகிறார்கள். எனக்கு அதுவும் எரிச்சல். ரத்தமா பிரச்சினை? ரத்தத்தைக் குறைத்துவிட்டால் இதே ஐம்பது பிணங்களோடு குழந்தைகளும் பார்க்கிற சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 1984-ல் 13 வயதுக்கான தனிப் பிரிவு வந்த பிறகு, ரத்தமில்லாமல் கும்பல் கும்பலாகச் சாகடிப்பது ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. ஒருத்தன் வாய்விட்டு அழுதால் 'குடும்பத்தோடு பார்க்க முடியாது', அவன் சத்தமே போடாமல் செத்தால் பார்க்கலாம்!

இந்தக் கூத்தை எங்கள் தொழில் முதலிலேயே அனுபவித்திருக்கிறது. 1954-ல் அமெரிக்க செனட் துணைக்குழு காமிக்ஸ் பதிப்பாளர்களைக் கூண்டில் ஏற்றாத குறையாக விசாரித்தது, சிறுவர்களைக் குற்றவாளிகள் ஆக்குகிறீர்கள் என்று. பயந்துபோன பதிப்பாளர்கள் அதே வருடம் தாங்களே ஒரு காமிக்ஸ் விதித்தொகுப்பை உருவாக்கிக்கொண்டார்கள். அதில் ஒரு விதி, சித்திரவதை, தேவையற்ற கத்தி துப்பாக்கி ஆகியவற்றோடு சேர்த்து, உடல் வேதனையைக் காட்டும் காட்சிகளையும் நீக்க வேண்டும் என்றது. வேதனையைக் காட்டாதே! நல்லவன் எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது. அப்புறம் என்ன, முஷ்டிகள் பறந்துகொண்டேதான் இருந்தன, வலி மட்டும் காணாமல் போனது. அந்த விதித்தொகுப்பின் ஒப்புதல் முத்திரையைக் கடைசிப் பதிப்பாளர்கள் கைவிட 2011 வரை ஆயிற்று. எங்கள் கழுத்தில் கட்டாயமாக மாட்டிய கயிற்றைச் சினிமாக்காரர்கள் தாங்களே ஆசையாக எடுத்து மாட்டிக்கொண்டு, அதற்கு 'காமிக்ஸ் பாணி' என்று எங்கள் பெயரையே வைக்கிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருக்க வேண்டுமா?

வரைகிறவர்கள் வன்முறையைக் கையாண்ட விதத்தைப் பாருங்கள். ஸ்பெயினின் கோயா, போரின் அவலங்களை 82 செதுக்கோவியங்களாகப் பதித்தார். உயிரோடு இருந்தவரை அவற்றை வெளியிடவில்லை, அவர் இறந்து 35 வருடம் கழித்து 1863-ல்தான் அச்சானது. ஒரு படத்துக்குக் கீழே 'இதைப் பார்க்க முடியாது' என்று எழுதினார், இன்னொன்றில் 'நான் பார்த்தேன்' என்று. ஜப்பானில் கெய்ஜி நகசாவா ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பையன். பள்ளிச் சுவர் ஒன்று அவரைக் காப்பாற்றியது. அப்பாவும் அக்காவும் தம்பியும் போய்விட்டார்கள். 1973-ல் அதைக் கதையாக வரையத் தொடங்கினார், சிறுவர் வார இதழில்! தோல் உரிந்து தொங்க நடந்து போகிற மனிதர்களைச் சிறுவர்களுக்காக வரைந்தார். அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு எந்தப் பையனும் குண்டு போட்டு விளையாடலாம் என்று கிளம்ப மாட்டான். காமிக்ஸ் மாதிரி என்றால் எனக்கு இதுதான்.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தில்தான் எங்கள் வேலையின் பாதி இருக்கிறது. காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காமிக்ஸாகவே வரைந்த ஸ்காட் மெக்லவுட் 1993-ல் இதை விளக்க ஒரு உதாரணம் வரைந்தார். முதல் கட்டத்தில் ஒருவன் கோடாரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நகரம், ஒரு அலறல். வெட்டியது யார்? வாசகன்தான், எங்கே எவ்வளவு ஆழமாக என்பதுகூட அவன் முடிவு என்கிறார். வாசகனுக்கு அதில் பங்கு உண்டு, கை கழுவ முடியாது. சினிமாவும் கட் செய்து கட் செய்துதான் அடிக்கிறது. ஆனால் யோசிக்க நேரம் கொடுக்காமல் அடுத்த அடிக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

முடியாது என்று சொல்லாதீர்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஓவியராக ஆசைப்பட்டவர் ஜப்பானிய இயக்குநர் குரோசாவா. 1954-ல் வந்த அவருடைய ஏழு சாமுராய் படத்தில் நான்கு சாமுராய்கள் சாகிறார்கள், நான்கு பேரும் துப்பாக்கிக் குண்டில். வாழ்நாளெல்லாம் பழகிய வாள் வீச்சு ஒன்றுக்கும் உதவவில்லை. மழையும் சேறுமாக வீரர்கள் வழுக்கி விழுகிறார்கள், ஒவ்வொரு சாவுக்கும் எடை இருக்கிறது. ஜாக்கி சானைப் பாருங்கள், குத்திவிட்டு வலி தாங்காமல் கையை உதறுவார். சிரிக்க வைக்கிற படத்தில்கூட அந்த ஒரு உதறல் வந்துவிடுகிறது. முழு உடம்பும் பிரேமுக்குள் இருக்கும், கால் எங்கே ஊன்றியது என்று தெரியும். என் வேலைக்கு மாதிரி தேடும்போது அவரிடம் எந்த இடத்தில் நிறுத்தினாலும் வரைவதற்கு ஏதாவது கிடைக்கும்.

ஒரு படத்துக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது படமெடுப்பதற்கு முன்பே காட்சிகளைக் கட்டம் கட்டமாக, வரையக் கூப்பிட்டார்கள், போனேன். மாடிப்படிச் சண்டை. ஹீரோ ஒருவனைக் கைப்பிடிக்கு மேலே தூக்கி வீசுகிறார். அவன் விழுந்ததும் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தேன்: கூட வந்த இன்னொரு அடியாள், ஓங்கிய கம்பியோடு அப்படியே நின்று, கீழே கிடப்பவனைப் பார்க்கிறான். அவ்வளவுதான். 'இது வேண்டாம், வேகம் குறையுது, ஆடியன்ஸ் அவனுக்காக வருத்தப்பட்டா ஹீரோ என்ன ஆவாரு?' என்று அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டார்கள். கேள்வி சரியான கேள்வி. அந்தப் பதிலுக்குப் பயந்துதான் அத்தனை அடியாட்களுக்கும் முகமூடி, கறுப்புக் கண்ணாடி, ஒரே மாதிரி உடுப்பு. முகம் இருந்தால் வலிக்கும் அல்லவா?

அந்த முகமில்லாதவனாக நடித்த ஸ்டன்ட் கலைஞருக்கு நிஜமாகவே வலித்திருக்கும். சட்டைக்குள் பட்டை கட்டிக்கொண்டு படிக்கட்டில் உருள்கிறார், எத்தனை டேக் கேட்டாலும் உருள்கிறார். அவருடைய வேலைக்கு ஆஸ்கரில் ஒரு பிரிவே 2027-ல் வரும் படங்களிலிருந்துதான் தொடங்கப் போகிறது. உண்மையாக அடிபட்டவரின் முகத்தைக் கேமராவிலிருந்து திருப்பி வைத்துவிட்டு, அடிபடாதவரின் புருவத்தில் சிவப்புச் சாயத்தால் அழகாக ஒரு கோடு போடுகிறீர்கள்.

விழுந்தவன் முகத்தில் இரண்டு நொடி நில்லுங்கள். 48 பிரேம். இரண்டரை மணி நேரப் படத்தில் அதற்கு இடமில்லை என்றால், அந்த ஸ்லோமோஷன் காலரிலிருந்து வெட்டி எடுத்துக் கொடுங்கள்.