காவல் துறை ஊருக்குள் வரும்போது எதைக் கொண்டு வருகிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்போது விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. தலைக்கவசப் பேரணி, போதை ஒழிப்பு உறுதிமொழி, குழந்தைத் திருமணத் தடுப்பு, இணையவழி மோசடி, போக்சோ சட்டம் என்று ஏதாவது ஒன்றுக்காகக் காவல் துறையினர் பள்ளிக்கோ கல்லூரிக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ வந்து பேசிவிட்டுப் போகிறார்கள்; மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வருகிறது. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு நாற்காலி போட்டவர்களில் நானும் ஒருவன். அவற்றில் சில ஊரின் பழக்கத்தையே மாற்றியதையும், பல வந்த சுவடு தெரியாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். மக்களிடம் ஒன்றைக் கேட்க வரும் காவல் துறை, பதிலுக்குத் தானும் ஒரு வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றும்போது அந்த முயற்சி பலிக்கிறது என்பதும், அறிவுரை மட்டும் சொல்லிவிட்டுப் போகும்போது பலிப்பதில்லை என்பதும் என் கருத்து.

பலித்ததற்கு எடுத்துக்காட்டாக நாட்டுத் துப்பாக்கி ஒப்படைப்பைச் சொல்வேன். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் உரிமம் இல்லாத ஒற்றைக் குழல் துப்பாக்கிகள் தலைமுறை தலைமுறையாகப் பரணிலும் வைக்கோல் போரிலும் இருந்து வந்தவை. கேழ்வரகுக் கொல்லையில் இறங்கும் காட்டுப் பன்றியை விரட்டுவதற்கு என்று வைத்திருந்தவர்களும் உண்டு. மான் வேட்டைக்கு வைத்திருந்தவர்களும் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம் என்பதால், ஒருவரிடம் துப்பாக்கி இருப்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். சோதனைக்குப் போனால் கிடைப்பது ஒன்றோ இரண்டோ. அதோடு அந்த ஊருக்கும் காவல் துறைக்கும் இருந்த பேச்சு வார்த்தையும் அறுந்துபோகும். வனத் துறையும் காவல் துறையும் அண்மை ஆண்டுகளில் வேறு வழியை எடுத்தன. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, குறித்த காலத்துக்குள் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்கள் மீது வழக்கு இல்லை, காலம் கடந்தபின் பிடிபட்டால் தப்ப முடியாது என்று தெளிவாகச் சொன்னார்கள். துப்பாக்கிகள் வந்தன. யாருடையது என்று கேட்காமல், ஊர்ப் பிரமுகர் வழியாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் கொடுத்தவர் வீட்டுக்கு மறுவாரம் ஜீப் போயிருந்தால், இரண்டாவது துப்பாக்கி வெளியே வந்திருக்காது.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. துப்பாக்கியைக் கொடுத்த விவசாயிக்குப் பன்றியும் யானையும் அப்படியேதான் இருக்கின்றன. பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாகக் குளிர்காலத்தில் இறங்கும் யானைக் கூட்டத்துக்கு அவனுடைய கொல்லை எது, காடு எது என்று வித்தியாசம் கிடையாது. துப்பாக்கி போன இடத்தில் மின்வேலி வந்தால் அது இன்னும் கொடுமை. 2023 மார்ச் மாதம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்ததையும், இரண்டு குட்டிகள் தாயின் உடலை விட்டு நகராமல் நின்றதையும் இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. அதே வேலியில் கால் வைப்பது நாளை ஒரு கூலித் தொழிலாளியாகவும் இருக்கலாம். ஆகவே ஒப்படைப்புக் கூட்டத்தின் இரண்டாம் பாதியாகப் பயிர்ச் சேத இழப்பீட்டு மனுவை அதே இடத்தில் வாங்கிப் பதிவு செய்யும் வேலையும் நடந்தாக வேண்டும். அது வனத் துறையின் பொறுப்பு, எங்களுடையது இல்லை என்று காவல் துறை சொல்லலாம். கேட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் காக்கியும் பச்சையும் ஒரே அரசாங்கம்தான்.

அடுத்து, தொப்பூர் கணவாய். தேசிய நெடுஞ்சாலை 44இல் தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் எத்தனை குடும்பங்கள் சிதைந்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். டீசல் மிச்சமாகும் என்று கனரக வண்டியை நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது, தொடர்ந்து மிதிப்பதால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது, முன்னால் மெதுவாகப் போகும் வண்டிகள் மேல் மோதுவது என்று பல விபத்துகளின் கதை ஒன்றேதான். சாலையின் வளைவையும் சரிவையும் திருத்துவது நெடுஞ்சாலை ஆணையத்தின் வேலை. மேம்பாலச் சாலைத் திட்டம் முடியும் வரை காவல் துறைதான் அங்கே நின்றாக வேண்டியிருக்கிறது, நிற்கவும் செய்கிறது. என் ஆட்சேபம் வேறு. சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் நாம் கூட்டி உட்காரவைப்பது தர்மபுரி நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை. அந்தச் சரிவில் வண்டி ஓட்டுபவர்களோ ராஜஸ்தானிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் இரவெல்லாம் ஓட்டி வருபவர்கள். அவர்கள் அத்தனை பேரும் வேகம் குறைத்து ஊர்ந்து போகும் இடம் பாளையம் சுங்கச்சாவடி. சாலைப் பாதுகாப்பு வகுப்பு நடத்த அதைவிடப் பொருத்தமான வகுப்பறை இரண்டு மாவட்டத்திலும் கிடையாது. இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நாலு வரி, முகம் கழுவத் தண்ணீர், ஒரு டம்ளர் டீ, பிரேக்கையும் கியரையும் பற்றி ஓட்டுநருக்குப் புரியும்படி பேசத் தெரிந்த ஒரு காவலர் என்று இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் விடியும் வரை தொடர்ந்து நடந்தால், நூறு பேரணிக்கு அது மேல்.

அந்தச் சரிவில் விபத்து நடந்ததும் முதலில் ஓடிவருபவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் சாலையோரக் கடைக்காரர்களும்தான். நசுங்கிய கதவைக் கடப்பாரையால் நெம்பி, உள்ளே இருப்பவரைத் தூக்கி, வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குக் காவல் துறை கொடுக்க வேண்டிய வாக்கைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வராமல் காக்கிறது. விருப்பம் இல்லாவிட்டால் பெயரைச் சொல்லவும் கட்டாயம் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கு அடிபட்டவர் பணம் தேட வேண்டியதில்லை. இவ்வளவு இருந்தும் ‘சாட்சிக்குக் கூப்பிடுவார்களோ’ என்ற பயம் இன்னும் போகவில்லை. போகாததற்குக் காரணம், எப்போதோ யாரோ ஒருவர் கூப்பிடப்பட்டு அலைக்கழிக்கப்பட்டார் என்பது ஊர் நினைவில் இருப்பதே.

ஊர் நினைவு என்றதும் அரூர்ப் பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிருடன் இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. முப்பத்தோரு ஆண்டுகள் ஆயின. அப்படிப்பட்ட மண்ணில் ‘காவல் துறை உங்கள் நண்பன்’ என்ற பதாகையைக் கட்டிவிட்டு, மலைக் கிராமத்து மக்கள் ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று வியப்பதில் பொருளில்லை. இன்று அங்கே பணியில் இருக்கும் இளம் காவலர்கள் அன்று பிறந்தே இருக்க மாட்டார்கள், அவர்கள் மேல் எந்தப் பழியும் இல்லை. ஆனாலும் அவர்கள் அணிந்திருக்கும் சீருடை அதுவேதான். கடன் அவர்கள் கணக்கில்தான் வருகிறது. புதிதாகப் பணியில் சேருபவருக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கக் கொடுத்துவிட்டு மலைக்கு அனுப்பினால், அவர் நடந்துகொள்ளும் விதமே வேறாக இருக்கும் என்று நம்புகிறேன்.

குழந்தைத் திருமணத் தடுப்பில் வாக்குத் தவறுவது எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை விட்டதும் இந்த மாவட்டங்களில் சில பிள்ளைகளின் படிப்பு அதோடு நின்று, பேச்சு மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிடும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் சொல்லுங்கள், உங்கள் பெயர் வெளியே வராது என்று கூட்டத்தில் சொல்கிறோம். தகவலும் போகிறது, அதிகாரிகளும் காவலர்களும் வந்து தடுக்கிறார்கள், பெற்றோரிடம் எழுதியும் வாங்குகிறார்கள். வந்தவர்களில் ஒருவர் போகிற போக்கில் ‘உங்க ஊர்ப் பிள்ளைதான் போன் பண்ணுச்சு’ என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். அந்த வகுப்பில் யாரிடம் கைப்பேசி இருக்கிறது என்று ஊரே கணக்குப் போட்டுவிடும். அதன்பின் அந்த ஊரிலிருந்து எந்தப் பிள்ளையும் அந்த எண்ணை அழுத்தப் போவதில்லை. எழுதிக் கொடுத்த பெற்றோர் சத்தமில்லாமல் வெளியூர்க் கோயிலில் வைத்துத் தாலி கட்டுவதும் நடக்கிறது. தடுத்த நாளோடு கோப்பை மூடாமல், பள்ளி திறந்ததும் அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாளா என்று ஒரு முறை வந்து பார்த்தால், தடுத்ததற்கு அர்த்தம் இருக்கும்.

இணைய மோசடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1930 என்ற எண் பலருக்கும் தெரிந்துவிட்டது. பணம் போன உடனே அழைத்தால்தான் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்த முடியும் என்பதைச் சொல்லிவிட்டு, நேரில் வந்தவரை ‘மாவட்டத் தலைநகருக்குப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும். அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, காவல் நிலையத்தில் ரைட்டர் உட்கார்ந்திருக்கும் மேசை. ஆடு திருடு போனதற்காக ஒரு விதவைப் பெண்ணுடன் நான் ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். இரண்டு ஆடுகள்; அவற்றை விற்றுத்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதாக இருந்தார். மனுவை வாங்கி, அங்கிருந்த பழைய கால்குலேட்டருக்கு அடியில் சொருகிவிட்டு, ‘பார்த்துட்டுச் சொல்றோம்மா, நீங்க போங்க’ என்றார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டதும் அங்கே முகங்கள் மாறின. நான் அந்தப் பெண்ணின் சொந்தக்காரனா என்று கேள்வி வந்தது. பிறகு ரசீது கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடியாணை இல்லாமல் கைது செய்யத் தக்க குற்றம் என்று தகவலில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், மின்னணு வழியிலும் அனுப்பலாம் என்கிறது. எந்தப் பள்ளிக் கூட்டத்திலும் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தலைக்கவசம் போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள்.

காவலர்கள் பக்கத்து நியாயமும் சிறிதில்லை. முதல்வர் வருகை, தேர்தல், கோயில் திருவிழா, சாலை மறியல் என்று பந்தோபஸ்துக்கே பாதி மாதம் போய்விடும் ஒருவரிடம் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசு என்றால், அவர் படம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பத்தான் பார்ப்பார். வாரம் ஒரு நாள் விடுப்பு என்று 2021இல் அரசாணை வந்தது. அது எல்லா நிலையங்களிலும் ஒழுங்காக நடக்கிறதா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். கூட்டங்களின் எண்ணிக்கையை மாதாமாதம் மேலிடத்துக்கு அனுப்பச் சொல்வதற்குப் பதிலாக, கிராமத்துக்கு ஒரு காவலர் என்று பொறுப்புக் கொடுத்து, அவருடைய எண்ணை நியாய விலைக் கடைச் சுவரில் எழுதி வைத்து, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அவரை மாற்றாமல் இருந்தால் அவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

இப்போதைக்கு ஒரு வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி கிடைப்பதில் ஏற்பட்ட குழப்பத்தால் கூடிய கூட்டம் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது. கல்வீச்சும் தடியடியும் நடந்தன. எந்தச் சம்பந்தமும் இல்லாத பேருந்துப் பயணிகள் மணிக்கணக்கில் தவித்தார்கள். கல் எறிந்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. விடிந்தால் விழா என்ற நிலையிலும் அனுமதி உண்டா இல்லையா என்று தெரியாமல் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவனிடம் பொறுமையை எதிர்பார்த்ததில் நிர்வாகத்தின் பங்கும் இருக்கிறது. அடுத்த தை பிறப்பதற்குள் சூளகிரி, ஓசூர், வேப்பனஅள்ளி, பர்கூர் பக்கத்து விழாக் குழுக்களை ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் அழைத்து உட்காரவைத்து, எந்தத் தேதிக்குள் எந்தெந்த ஆவணம், மாடு ஓடும் பாதையில் தடுப்பு எத்தனை அடி, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், அனுமதி உண்டா இல்லையா என்பதை விழாவுக்கு எத்தனை நாள் முன்பாக எழுத்தில் தருவீர்கள் என்பதையெல்லாம் ஒரே தாளில் அச்சடித்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பதிவைப் படிக்கும் விழாக் குழுவினர் அழைப்புக்குக் காத்திருக்காமல் தாங்களே மனு கொடுங்கள்; கொடுத்ததும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.