சோம்நாத் சர்மாவின் விருது குறித்து ஒரு திருத்தம்

கோபி வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளின் குடியரசு நாள் பேச்சுக்காகப் பகிரப்பட்டுள்ள குறிப்பில், தம்பி ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்ததால்தான் மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு, போர்வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் முதன்முதலில் கிடைத்தது என்று நண்பர் எழுதியிருப்பது காலக்கணக்கிலேயே நிற்காது. விருது 1950இல் அறிவிக்கப்பட்டது, தம்பி வி.என். சர்மா அப்பதவிக்கு வந்தது 1988இல். தந்தை அமர்நாத் சர்மா மேஜர் ஜெனரல்தான், ஆனால் மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர். பதக்கத்தை வடிவமைத்த சாவித்திரி கனோல்கர் இக்குடும்பத்துக்குச் சம்பந்தி முறை என்பது மெய்யே. புரளி அங்கிருந்து முளைத்திருக்கலாம். ஆயினும் வடிவம் வரைந்தவரா விருதாளரைத் தேர்ந்தெடுக்கிறார்?

அதே குறிப்பில், அவர் கையில் கட்டோடு பின்னணியில் இருந்தவர் என்ற வரி இன்னும் மோசம். ஹாக்கி ஆட்டத்தில் எலும்பு முறிந்து இடக்கையில் மாவுக்கட்டு இருந்தும், தம் படைப்பிரிவான கம்பெனியோடு போயே தீருவேன் என்று வற்புறுத்தித்தான் அவர் காஷ்மீர் சென்றார். 1947 நவம்பர் 3 அன்று பட்காமில், பன்மடங்கு பெரிய எதிரிக் கூட்டம் மூன்று பக்கமும் நெருக்க, ஆட்கள் சாயச் சாய, அந்தக் கையோடு அவரே இயந்திரத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்தார். எதிரி 50 கஜத்தில் நிற்கிறான், ஓர் அங்குலமும் பின்வாங்கேன் என்று செய்தி அனுப்பியபின், அருகிலிருந்த வெடிபொருளின் மேல் மோர்ட்டார் குண்டு விழுந்து உயிர்நீத்தார். அப்போது வயது 24. அவர்கள் எதிரியை அப்படித் தாமதப்படுத்தியதால்தான் ஸ்ரீநகர் விமானத்தளம் தப்பியது.

தாளை நகலெடுக்கும் முன் அவ்விரு வரிகளையும் நீக்கிவிடுங்கள்.