உணர்ச்சியை ஒதுக்கினால் முடிவு வராது
"உணர்ச்சியையும் சாமியையும் ஒதுக்கி அறிவை மட்டும் கேட்டால் முடிவு தப்பாது" என்பது சரியில்லை, தம்பி. மூளையின் முன்பகுதி பழுதான ஒரு நோயாளியைப் பற்றி நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோ 1994-இல் எழுதினார். அந்த நோயாளிக்கு அறிவு குறையவில்லை. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளில் எது என்று கேட்டதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் காரணம் அடுக்கினார், முடிவு மட்டும் வரவில்லை.

உள்ளுணர்வும் மந்திரமில்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்க ரப்பர் தோட்டத்தில் அம்மா விடியுமுன் வாசலில் நின்று, "இன்றைக்கு வெட்டினால் பால் மழையோடு போய்விடும்" என்பார். இருபது வருடம் பால்மரம் வெட்டிய அனுபவம் அது. அதே அம்மாவுக்கு நாலு நம்பர் லாட்டரி ஒருநாளும் பிடிபடவில்லை. அங்கே கற்றுக்கொள்ள எந்த ஒழுங்கும் கிடையாது. அப்புறம், தோட்டம் மூடியபோது வாடகை, பள்ளி, பஸ் எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் வீடு தேடினார். கிளம்பும் தைரியம் மாரியம்மனிடம் பூ வைத்துக் கேட்ட பிறகே வந்தது.