ஏரி வாய்க்காலும் மனை வரைபடத்தில் இருக்கட்டும்

புயல், வெள்ளத்தைக் கணக்கில் வைத்துத்தான் நகரமைப்பாளர்களும் கட்டட வடிவமைப்பாளர்களும் திட்டம் போட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ரொம்பச் சரி. ஆனால் அதில் உதாரணமெல்லாம் கடலோர ஊர்கள். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. ஏரி நிரம்பி வந்த வெள்ளம், பேருந்து நிலையத்துப் பக்கம் சாலையோரம் நின்ற வேன், கார்களை உருட்டிக்கொண்டு போனது. இங்கே ஓடையும், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கலும் வருஷக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அதை நிரவி மனை போட்டுவிடுகிறார்கள். லேஅவுட் வரைபவர் முதலில் கிராம வரைபடத்தை எடுத்து, ஏரிக்கு ஏரி தண்ணீர் போகும் வாய்க்காலைக் குறிக்கட்டும். சிறுபாலத்தை அகலமாக வைக்கட்டும். அப்புறம் மனை பிரிக்கட்டும். வாய்க்காலை அடைத்த லேஅவுட்டுக்கு அனுமதியே தரக் கூடாது.