ராயர் சபையில் வெற்று மார்பா?

கிருஷ்ணதேவராயர் சபை என்றாலே நம் சீரியல்களுக்கு ஒரே அச்சுதான். வெற்று மார்பு, அதன்மேல் கிலோக் கணக்கில் நகை, தலையில் பளபளவென்று ஒரு கிரீடம். ஆனால் அவர் ஆண்ட விஜயநகரத்தில் சபையின் உடை கபாயும் குல்லாயும்.

கபாய் என்பது முழுக்கை வைத்துத் தைத்த நீள அங்கி; அரபியிலிருந்து வந்த சொல். குல்லாய் பாரசீகம். மார்கழிக் குளிருக்கு நாம் மாட்டுகிற குல்லா அதே சொல்தான், ஆனால் அன்றைக்கு அது கூம்பாக உயர்ந்து நின்ற ஜரிகைத் தொப்பி. ஆந்திராவின் லேபாக்ஷி வீரபத்திரர் கோயிலில் அண்ணாந்து விதானத்து ஓவியங்களைப் பாருங்கள்: வெள்ளைக் கபாயும் நெட்டைக் குல்லாயுமாக விஜயநகரத்துப் பிரமுகர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

1520 வாக்கில் ராயரை நேரில் பார்த்த போர்த்துகீசியர் பயஸ் எழுதுகிறார்: பொன்னால் ரோஜாப்பூ வேலை செய்த வெள்ளை உடை, கழுத்தில் வைரம், தலையில் ஜரிகைக் குல்லாய், வெறுங்கால். அரசர் இருக்கும் இடத்துக்குள் யாருக்கும் காலணி கிடையாது. மேடை ராயருக்கு மூக்கு வளைந்த ஜோடு மாட்டுகிறவர்கள் கவனிக்க.

நாடகம் போடுகிறவர்கள் கோட்டை விடுவது கபாயின் கையில்தான். சபைக்கு வரும் தலைவர்கள் இரு கையையும் கூப்பித் தலைக்கு மேல் எட்டுமட்டும் தூக்கிச் சலாம் வைப்பார்கள். பிறகு தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்று, கைகளைக் கபாயின் கைக்குள் நுழைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். தங்களுக்குள் பேச்சு இல்லை, வெற்றிலை மெல்லுவதும் இல்லை. மணிக்கட்டை இறுக்கித் தைத்துவிட்டால் எதிர்க் கை எப்படி உள்ளே போகும்? நடிகர் வேறு வழியில்லாமல் கையைப் பின்னால் கட்டி போலீஸ்காரர் மாதிரி நிற்கிறார்.

சபையில் மெல்லக் கூடாத வெற்றிலை, அரசர் தந்தால் மரியாதை. 1443இல் ஹீராத்திலிருந்து (இன்றைய ஆப்கானிஸ்தான்) தூது வந்த அப்துர் ரசாக்குக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு கட்டு வெற்றிலை, 500 பணம் (அக்காலக் காசு), சுமார் 20 மிஸ்கால் கற்பூரம் (80-90 கிராம் வரும்) கிடைத்தது. மனிதர் அடுக்கடுக்காக அங்கி போட்டு வந்து வேர்த்து வழிந்ததைப் பார்த்து, அப்போதைய விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் தன் கையிலிருந்த விசிறியையே கொடுத்துவிட்டார்!

'அந்நிய உடையை ராயர் போட்டிருப்பாரா' என்று பொங்குகிறவர்களுக்கு: அந்தத் தேவராயரைத்தான் அருணகிரிநாதர் 'பிரபுட தேவ மாராஜன்' என்று பாடினார். அவர் திருப்புகழில் சுவாமிமலை முருகனுக்குத் தேவர்களே சலாம் இடுகிறார்கள்; அதுவும் அந்நியச் சொல்தான். விஜயநகர அரசர்களின் பட்டப் பெயர்களில் ஒன்று 'இந்துராய சுரத்ராண'. சுல்தான்தான் சமஸ்கிருத வேஷத்தில் சுரத்ராணன். கூச்சப்பட்டு ஒளித்த உடை இல்லை இது, பெருமையாக உடுத்தியது.

வெற்று மார்பு வந்த இடம் வேறு. திருமலையில் இரு தேவியரோடு நிற்கும் கிருஷ்ணதேவராயர் சிலையில் கபாய் இல்லை, இடுப்பில் வேட்டி, கூப்பிய கை. பெருமாள் முன்னால் நிற்கும் கோலம் அது. சீரியல்காரர்கள் அதைச் சபைக்குத் தூக்கி வந்து, குல்லாயை மட்டும் கழற்றிவிட்டார்கள். சிலையில் பாருங்கள், பெருமாள் முன்னாலும் அது ராயர் தலையில்தான் இருக்கிறது.