மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தையைப் பிரசங்கிக்கப் போகிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று வாசித்த கையோடு சபையைப் பார்த்து, "நீங்களும் இன்றைக்கே மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லாதீர்கள். எதிரே பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. புருஷனிடம் அடி வாங்கி, கன்றிப்போன கையை முந்தானையில் மூடிக்கொண்டு வந்தவள் இருக்கலாம். கூடப்பிறந்தவனே சொத்தை எழுதி வாங்கிக்கொள்ள, வாடகை வீட்டுக்குப் போனவர் இருக்கலாம். அடித்தவனும் எழுதி வாங்கியவனும்கூட அதே ஆராதனையில்தான் இருப்பார்கள். அவர்களுக்கென்று அன்றைக்கு ஒரு வார்த்தையும் இருக்காது. பாரமெல்லாம் அடிபட்டவர் தலையிலேயே ஏறும்.

மன்னிப்பில் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. முழு மனதோடு நம்புவதால்தான் அதை இப்படி மலிவாக்குவது பொறுக்கவில்லை.

சகோதரி ராணி மரியாவின் கதை நம்மில் பலருக்குத் தெரியாது. கேரளாவில் பெரும்பாவூர் பக்கம் புல்லுவழி என்கிற ஊரில் பிறந்த கத்தோலிக்கக் கன்னியர். மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் ஏழைப் பழங்குடி விவசாயிகளோடு வேலை செய்தார். வட்டிக்காரர்களிடம் சிக்கிக் கிடந்தவர்களுக்கு அரசுக் கடனும் திட்டங்களும் கிடைக்க வழி காட்டினார். அங்கிருந்த பண்ணைக்காரர்களுக்கு இது பிடிக்குமா? 1995 பிப்ரவரி 25 அன்று அவர் இந்தூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, ஏவிவிடப்பட்ட சமுந்தர் சிங் என்கிற இளைஞர் பயணிகள் கண்ணெதிரே அவரைக் குத்திக் கொன்றார். உடம்பில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். சமுந்தருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நிதானமாகப் பார்க்கவேண்டும். ராணி மரியாவின் தங்கை செல்மி பால், அவரும் அதே சபைக் கன்னியர், சிறைக்குப் போய்ச் சமுந்தரின் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரன் என்று ஏற்றுக்கொண்டது 2002 ஆகஸ்டில். கொலை நடந்து ஏழு வருஷம் கழித்து! இடையில் சுவாமி சதானந்த் என்கிற குருவானவர் சமுந்தரைச் சிறையில் போய்ச் சந்தித்து, அவரோடு பேசிப் பழகி, அந்தச் சந்திப்புக்கு வழி செய்தார். கவனியுங்கள், அவர் முதலில் மனம் திருப்பப் போனது கொன்றவரை. பின்னால் தாயார் ஏலீஸ்வாவும் சமுந்தரைச் சந்தித்தார், அவருடைய கைகளை எடுத்து முத்தமிட்டார். மகளின் இரத்தம் படிந்த கைகள் அவை என்பதால்தான் முத்தமிட்டதாகச் சொல்லியிருக்கிறார். இதை எப்போது படித்தாலும் எனக்கு மேலே படிக்க முடிவதில்லை. மகளைக் கடைசியாகத் தொட்ட கை அது. அருவருப்பு வரவேண்டிய இடத்தில் அந்தக் கிராமத்து அம்மாவுக்கு வேறு ஏதோ வந்திருக்கிறது. இதை யாராவது அந்த அம்மாவிடம் போய், "கிறிஸ்தவளாக இருந்தால் நீ இதைச் செய்தே ஆகவேண்டும்" என்று கேட்டிருக்க முடியுமா? கேட்கத்தான் யாருக்கு வாய் வரும்?

ராணி மரியாவின் குடும்பமும் வேண்டிக்கொண்டு 2006-ல் சமுந்தர் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவரும் அங்கே இருந்தார்.

ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸை நம்மில் பலருக்குத் தெரியும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரகாமும் பிலிப், திமோத்தி என்ற இரண்டு பிள்ளைகளும் ஜீப்புக்குள் தூங்கும்போது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்தேன் என்றார் கிளாடிஸ். அதோடு, மன்னிப்பு வேறு, குற்றத்துக்கான விளைவு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது என்றும் சொன்னார். பிரசங்கங்களில் முதல் பாதி மட்டும்தான் வருகிறது. வழக்கு அதன்பாட்டுக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-ல் மரண தண்டனை, 2005-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கிளாடிஸ் உடனே மூட்டை கட்டி ஆஸ்திரேலியா போய்விடவில்லை. பாரிபதாவில் தொழுநோயாளிகளின் இல்லத்து வேலையைத் தொடர்ந்து பார்த்து, 2004-ல்தான் கிளம்பினார். எனக்கு அவருடைய மன்னிப்பைவிட இந்த இருப்பு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று சொல்கிறோம். பத்தாயிரம் ரூபாய் கொடுத்தவர் "சரி, விடு" என்று சொன்னால் அந்தப் பத்தாயிரம் காற்றில் கரைந்துபோகாது. கொடுத்தவருக்கு அது நஷ்டம்தான். சிலுவையில் நடந்ததும் அதுவே என்று நம்புகிறேன், நஷ்டத்தைக் கடவுளே ஏற்றுக்கொண்டார். அடுத்தவர் பணத்தை நான் தள்ளுபடி செய்ய முடியாது. அடுத்தவர் அடிவாங்கிய முதுகை வைத்துக்கொண்டு மன்னிப்பு வழங்கப் போதகருக்கும் கமிட்டிக்கும் என்ன உரிமை?

வேதம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்ன அதே மத்தேயு 18-ல்தான், குற்றம் செய்த சகோதரனிடம் போய் அதை உணர்த்து, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறமும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று இருக்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன பிறகுதான் இயேசு, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார். யோசேப்பு, தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மாரைக் கண்டதும் கட்டிக்கொண்டானா? அவர்களை எத்தனை விதமாகச் சோதித்துப் பார்த்தான்! யூதா தம்பிக்காகத் தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் அவன் வாய்விட்டு அழுதான்.

தியாகம் என்ற வார்த்தையும் இப்படித்தான் நம் சபைகளில் பாடுபடுகிறது. அடி வாங்கும் பெண்ணிடம் "உன் சிலுவையைச் சும" என்று சொல்லிவிடுகிறார்கள். இயேசு தம் ஜீவனைப் பற்றிச் சொன்னது என்ன? "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்; நானே அதைக் கொடுக்கிறேன்." ராணி மரியா அந்த ஏழைகளோடு இருக்கத் தானே முடிவெடுத்தார். வேறு வழியில்லாமல் சகித்துக் கிடப்பவளுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது அவளுக்கும் அநியாயம், சிலுவைக்கும் அநியாயம்.

ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து காலத்தில் ஒரு சபையாவது இதைச் செய்து பார்க்கட்டும். அடிபட்டவள் போலீசுக்குப் போக நினைத்தால் "சாட்சி கெட்டுப்போகும், சபையின் பேர் கெடும்" என்று தடுக்காமல், பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் கூடப் போகட்டும். அதே வாரம் மூப்பர்கள் இரண்டு பேர் அடித்தவனிடம் போகட்டும். அவன் மனம் திரும்பும்வரை திருவிருந்துக்கு வரவேண்டாம் என்று நேருக்கு நேர் சொல்லட்டும். அவள் எப்போது மன்னிப்பாள் என்று மட்டும் யாரும் அவளிடம் கேட்காதீர்கள்.